குறைத்துச் சாப்பிட்ட பலனை ஒரு பொடி தருமா? பட்டர் ஃப்ரூட் காய் முதல் மரமஞ்சள் வரை

1 | நாகலூர்_காப்பித்தோட்டம்

வணக்கங்க. மலையில் பட்டர் ஃப்ரூட் பறிப்பு ஆரம்பித்ததிலிருந்து ஒரே விசாரிப்பு. பழுத்ததைக் கேட்பதில்லை, கல் மாதிரி இருக்கும் பச்சைக் காயைத்தான் கேட்கிறார்கள். அரிந்து காயவைத்துப் பொடி பண்ணிக் குடித்தால் சாப்பாட்டைக் குறைத்த பலன் வரும், முதுமை தள்ளிப்போகும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. காயில் மானோஹெப்டுலோஸ் என்ற ஏழு கார்பன் சர்க்கரை இருப்பது உண்மைதான். பட்டர் ஃப்ரூட் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகுதான் கனியும், கனியக் கனிய இந்தச் சர்க்கரை குறைந்துவிடும். அதனால்தான் காய் வேண்டும் என்கிறார்கள்.

மருந்தியல் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள். நம்ம சேர்வராயன் மலையிலும் கீழே சேலத்திலும் விளைகிற, விற்கிற பொருள்களில் எதற்கு இந்தப் பேச்சு பொருந்தும், எந்த அளவில் பொருந்தும்? அளவோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

2 | அஸ்தம்பட்டி_மருந்தியல்

நல்ல கேள்வி. முதலில் எதைப் போலச்செய்யப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்வோம்.

1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே குழுவினர் எலிகளுக்குச் சத்துக் குறையாமல் உணவை மட்டும் குறைத்தார்கள். குறைத்துத் தின்றவை அதிக நாள் வாழ்ந்தன. அதன் பிறகு ஈஸ்ட், புழு, ஈ, சுண்டெலி என்று பலவற்றில் இது திரும்பத் திரும்பத் தெரிந்தது. குரங்கில் வந்தபோது சிக்கல். விஸ்கான்சின் ஆய்வு 2009இல் பலன் உண்டு என்றது. அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012இல் ஆயுள் நீளவில்லை என்றது. காரணம் தட்டில் இருந்தது. விஸ்கான்சின் தீவனத்தில் 28.5 சதவீதம் சீனி, மற்றதில் 3.9 சதவீதம். விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய மட்டும் தின்றன, மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். கண்டபடி தின்றவற்றோடு ஒப்பிட்டால் குறைத்துத் தின்பது பெரிய பலனாகத் தெரியும், ஏற்கெனவே அளவாகத் தின்றவற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும். பொடி விற்பவர்கள் இந்த இடத்தைச் சொல்வதே இல்லை.

உயிரணுவுக்குள் நடப்பது இது. வரவு குறைந்தால் ஏ.எம்.பி.கே என்ற நொதி முடுக்கிவிடப்படும். வளர், பெருகு என்று உத்தரவு போடும் எம்டார் அடங்கும். பழுதான புரதத்தையும், ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவையும் உயிரணு தானே உடைத்து மறுபடி பயன்படுத்தும். இந்தத் தன்னுண்ணலை விளக்கியதற்குத்தான் 2016இல் ஓசுமிக்கு நோபல் பரிசு. உணவைக் குறைக்காமலே இந்தப் பாதைகளைத் தட்டிவிடும் பொருளைத்தான் ‘உணவுக்குறைப்பைப் போலச்செய்வது’ என்கிறோம்.

1998இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது கையில் எடுத்த முதல் பொருள் 2-டிஆக்ஸி குளுக்கோஸ். குளுக்கோஸ் மாதிரியே உயிரணுவுக்குள் போகும், ஆனால் எரியாது, வழியை அடைக்கும். கோவிட் நேரத்தில் டி.ஆர்.டி.ஓ பொடியாகத் தந்ததும் இதையே. எலிகளுக்கு நீண்ட நாள் கொடுத்தபோது இதயத் தசையில் குமிழ்கள் விழுந்து இறப்பு கூடியது. 2010இல் அது வெளியானது. ‘சர்க்கரை எரிவதை அடைப்பது’ என்ற வழியில் பலனுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மெல்லியது என்பதை நினைவில் வையுங்கள்.

மானோஹெப்டுலோஸும் அதே வழிதான். குளுக்கோஸ் எரிப்பின் முதல் படியில் நிற்கும் நொதியைத் தடுக்கிறது. கணையத்தில் அந்த நொதி சர்க்கரையை அளக்கும் கருவி. அதைத் தடுத்தால் இன்சுலின் சுரப்பு குறையும். நாய்களில் காய்ச் சாறு கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. மனிதரில் ஆயுள் கூடியதாகக் காட்டிய சோதனை இல்லை. வீட்டுப் பொடியில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ரகத்துக்கு ரகம் மாறும், பறித்து எத்தனை நாள் ஆனது என்பதற்கும் மாறும். ஏற்கெனவே இன்சுலின் போதாத சர்க்கரை நோயாளிக்குச் சுரப்பை இன்னும் குறைக்கும் பொருளைக் கொடுப்பது தலைகீழ் வைத்தியம்.

3 | நாகலூர்_காப்பித்தோட்டம்

புரிந்ததுங்க. இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காய்தான் நல்லது என்றால் இலையும் நல்லது என்று கழித்த கிளைகளை ஆட்டுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டர் ஃப்ரூட் இலையில் பெர்சின் என்ற நஞ்சு உண்டு. கறவை ஆட்டுக்கு மடி வீங்கிப் பால் நின்றுவிடும், நிறையத் தின்றால் இதயம் பாதிக்கும். கோழி, கிளிக்கும் ஆகாது. கழிக்கும் கிளையை ஆடு எட்டாத இடத்தில் குழி போட்டு மக்கவிடுங்கள்.

4 | கொண்டலாம்பட்டி_குமரன்

வேர்க்கடலையில் ரெஸ்வெரட்ரால் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே? சிவப்பு ஒயினில் இருக்கும் அதே பொருள். நம்ம ஊரில் அவித்த கடலை தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பலன் தானாகக் கிடைத்துவிடும் இல்லையா? அதோடு கொடுக்காப்புளியில் கொழுப்பு சேராமல் தடுக்கும் அமிலமும் இருக்கிறது. இரண்டுமே நமக்கு மலிவு.

5 | அஸ்தம்பட்டி_மருந்தியல்

குமரன், கடலையை எடுத்துக் கணக்குப் போடுவோம். அவித்த வேர்க்கடலை ஒரு கோப்பை, அதாவது பருப்பு 180 கிராம், அதில் ரெஸ்வெரட்ரால் 0.32 முதல் 1.28 மில்லிகிராம். பச்சைக் கடலையில் இன்னும் குறைவு. மாத்திரையாக விற்கும் சாதாரண அளவு 500 மி.கி. அதிகபட்ச அளவையே எடுத்தாலும் 390 கோப்பை, 70 கிலோ அவித்த கடலை ஒரு நாளைக்கு வேண்டும். ஒரு கோப்பைக் கடலையில் ஐந்நூறுக்கு மேல் கலோரி. உணவுக்குறைப்பைத் தேடிப் போய் எங்கே நிற்கிறோம் பாருங்கள்.

500 மி.கி. மாத்திரையே விழுங்கினாலும் குடல் சுமார் 70 சதவீதத்தை உறிஞ்சும், ஆனால் குடல் சுவரும் கல்லீரலும் உடனே சல்ஃபேட், குளுக்குரோனைடு ஒட்டி உருமாற்றிவிடும். மாறாமல் ரத்தத்தில் சுற்றுவது ஒரு சதவீதத்துக்கும் கீழ். 2006இல் கொழுப்புத் தீவனம் தின்று பருத்த சுண்டெலிகளுக்குப் பலன் தெரிந்தது. சாதாரணத் தீவனம் தின்றவற்றில் அமெரிக்காவின் மூன்று ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் நடத்தும் ஐ.டி.பி திட்டம் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ரெஸ்வெரட்ராலை ஒத்த மருந்துகளில் இறங்கிய சர்ட்ரிஸ் என்ற நிறுவனத்தை 2008இல் கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கி 2013இல் அந்தப் பிரிவையே மூடியது.

கடலையைப் புரதத்துக்காகச் சாப்பிடுங்கள், அதற்கு அது நல்ல உணவு.

6 | ஐந்துரோடு_பார்மசி

கொடுக்காப்புளி வேறு, கொடம்புளி வேறு. பெயர் குழப்பம் இது. ரோட்டோரம் கூறு கட்டி விற்கும், சுருண்ட காயில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சதை இருக்கிற கொடுக்காப்புளியில் நீங்கள் சொல்லும் அமிலம் கிடையாது. ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் இருப்பது கேரளத்து மீன் குழம்பில் போடும் கறுத்துக் காய்ந்த கொடம்புளியில். அது ஏ.டி.பி சிட்ரேட் லையேஸ் என்ற நொதியைத் தடுத்து, கொழுப்பு உருவாக வேண்டிய அசிட்டைல் கோ-ஏவைக் குறைக்கும், சுண்டெலியில் தன்னுண்ணலைத் தூண்டியதும் உண்மை.

குழம்பில் இரண்டு மூன்று துண்டு போடுவதால் ஒன்றும் ஆகாது. அறுபது சதவீதச் சாறு என்று காப்சூலில் வருகிறதே, அதில்தான் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் அடர்ந்து போவது, கண் மஞ்சளாவது, வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைகளான எஸ்.ஜி.பி.டி, பிலிருபின் பாருங்கள்.

7 | கொண்டலாம்பட்டி_குமரன்

திருத்தியதற்கு நன்றி சார். இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

8 | லீபஜார்_மஞ்சள்

மஞ்சளும் மிளகும் சேர்த்தால் இருபது மடங்கு என்கிறார்களே, அது மெய்தானா? மிளகு மலையிலிருந்து வருகிறது, மஞ்சள் இங்கேயே இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

9 | அஸ்தம்பட்டி_மருந்தியல்

மெய்தான், ஆனால் எதன் இருபது மடங்கு என்று பார்க்க வேண்டும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமும் மிளகில் உள்ள பைப்பரின் 20 மி.கி.யும் கொடுத்தார்கள். குர்குமின் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. அந்த ‘ஒன்றுமில்லை’தான் இருபது மடங்கானது.

மஞ்சள்தூளில் குர்குமின் மூன்று சதவீதம் என்று வைத்தால் 2 கிராமுக்கு 67 கிராம் தூள். குழம்பில் போடுவது அரைத் தேக்கரண்டி, ஒன்றரை கிராம். பைப்பரின் பக்கம் அப்படியில்லை. மிளகில் சுமார் ஐந்து சதவீதம் என்றால் 20 மி.கி.க்கு 0.4 கிராம் மிளகு போதும், அது ரசத்திலேயே கிடைத்துவிடும். ஆக, சமையலறையில் மிளகின் அளவு மருந்தளவைத் தொடுகிறது, மஞ்சள் தொடுவதில்லை.

ஐ.டி.பி திட்டத்தில் குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு இரண்டும் சுண்டெலி ஆயுளை நீட்டவில்லை. பிறகு வந்த ஃபிசெட்டின் என்ற தாவரப் பொருளும் அப்படியே. அதே திட்டத்தில் ஜெயித்தவற்றைப் பாருங்கள். ஈஸ்டர் தீவு மண் நுண்ணுயிரிலிருந்து வந்த ரபமைசின், 600 நாள் வயதான கிழட்டுச் சுண்டெலிக்குத் தொடங்கியும் பலித்தது. இன்னொன்று அகார்போஸ், அதுவும் நுண்ணுயிர் தந்ததே. ஆண் சுண்டெலியின் இடைநிலை ஆயுள் 22 சதவீதம் கூடியது, பெண்ணுக்கு 5 சதவீதம். ரபமைசின் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து, டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். அகார்போஸின் வழி மட்டும் நம் ஊர்ச் செடிகளோடு நேராகச் சம்பந்தப்பட்டது. வாழப்பாடி நண்பர் பேசட்டும்.

10 | வாழப்பாடி_பட்டு

மல்பெரியைத்தானே சொல்கிறீர்கள். முசுக்கொட்டை இலையில் டி.என்.ஜே, அதாவது டிஆக்ஸிநோஜிரிமைசின். குடல் சுவரில் மாவுச்சத்தையும் சீனியையும் உடைக்கும் நொதியை இதுவும் அகார்போஸ் போலவே அடைக்கும். சோறு ஒரேயடியாகச் சர்க்கரையாக ஏறாமல் மெதுவாக ஏறும், மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் நுண்ணுயிருக்குத் தீனியாகும்.

ஜப்பானில் 2007இல் வந்த சோதனையில் 50 கிராம் சீனிக்கு முன்னால் 12, 18 மி.கி. டி.என்.ஜே கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை ஏற்றம் குறைந்தது. அவர்கள் பயன்படுத்தியது டி.என்.ஜே கூட்டிய பொடி, 1.5 சதவீதம். நம் தோட்டத்து இலைக்கு 0.1 சதவீதம் என்றே கணக்கு வையுங்கள். அப்படியானால் 12 மி.கி.க்கு 12 கிராம் காய்ந்த பொடி வேண்டும், குவித்த மூன்று நான்கு தேக்கரண்டி. கடையில் சொல்லும் ‘காலையில் ஒரு சிட்டிகை’ எந்தக் கணக்கிலும் வராது.

இலை பறிப்பதில்தான் தப்பு நடக்கிறது. நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது வரை உள்ள இளம் இலையில் சத்து அதிகம். முற்றிய அடி இலை பட்டுப்புழுவின் கடைசிப் பருவத்துக்குத் தீனி, பொடிக்கு ஆகாது. நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்தால் நடுவில் சூடேறிக் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். கையில் நொறுக்கினால் ‘படபட’வென்று உடைய வேண்டும், நரம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். டி.என்.ஜே தண்ணீரில் கரையும். அவித்து நீரை வடித்துக் கொட்டினால் பாதிச் சத்து சாக்கடைக்குப் போகும்.

மருந்தடிப்பு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த பிறகு காத்திருக்கும் நாள் புழு சாகாமல் இருப்பதற்காக வைத்த கணக்கு. மனிதர் பொடியாக்கித் தினமும் 12 கிராம் தின்பதற்கு வைத்த கணக்கல்ல. காயவைத்தால் இலை எடை கால்வாசியாகும், மேலே படிந்த மருந்து அப்படியே செறியும். வி1 ரக மல்பெரித் தோட்டத்தில் புழு வளர்ப்புக்குப் போக மிஞ்சிய இலையைச் சும்மா பொடியாக்காதீர்கள். பொடிக்கென்றே ஓரத்தில் நாலு வரிசை ஒதுக்கி, கவாத்து பண்ணிய பிறகு வரும் துளிரில் மருந்தே படாமல் எடுங்கள்.

11 | ஓமலூர்_உணவியல்

வாழப்பாடி அண்ணா சொன்னதோடு மூன்று விஷயம். பொடியைச் சாப்பிடும்போது முதல் கவளத்தோடு எடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி கழித்து எடுத்தால் மாவு ஏற்கெனவே உடைந்துவிட்டிருக்கும். முதல் வாரம் 3 கிராமில் ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் வயிறு ஊதி, காற்றுப் பிரிந்து, பேதியாகும். நம் ஊரில் ஜவ்வரிசிக் கஞ்சி, கிழங்கு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக வரும், ஏனென்றால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழு மாவுச்சத்து.

மூன்றாவதுதான் உயிர் விஷயம். கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வழக்கமாக வாயில் சீனி போடுவோம், கருப்பட்டி கொடுப்போம். அகார்போஸ், அதே வகை மாத்திரையான வோக்ளிபோஸ், மல்பெரி, அதே வேலை செய்யும் மூலிகையான கடலழிஞ்சில், இதில் எது எடுத்திருந்தாலும் அந்தச் சீனி வேகமாக உடையாது, உடைக்கும் நொதியைத்தானே அடைத்து வைத்திருக்கிறோம். குளுக்கோஸ் பவுடர் மட்டும்தான் உடனே ஏறும். 15 கிராம், மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

12 | லீபஜார்_மஞ்சள்

மரமஞ்சள் கேட்டு வருபவர்களும் இப்போது அதிகம். பெர்பெரின் என்று பேரோடு கேட்கிறார்கள்.

13 | ஐந்துரோடு_பார்மசி

பெர்பெரின் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் படியைத் தடுத்து ஏ.எம்.பி.கேயை முடுக்கும், மெட்ஃபார்மின் போல. 2008இல் சீனத்தில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 36 பேரைப் பிரித்து ஒரு பகுதிக்கு மெட்ஃபார்மினும் மறு பகுதிக்கு பெர்பெரினும் தினம் மூன்று வேளை 500 மி.கி. கொடுத்தார்கள், பெர்பெரின் எடுத்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ1சி) 9.5இலிருந்து 7.5க்கு இறங்கியது. சிறிய சோதனைதான், ஆனாலும் வலுவான பொருள் என்று தெரிகிறது. வலுவானது என்பதால்தான் பயம். கல்லீரலின் மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி 3ஏ4, 2டி6 நொதிகளை அடக்கும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலால், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் தேங்கும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கூடவே கூடாது, பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலையை மூளைக்கு ஏற்றிவிடும்.

நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று கேட்டால் சில நேரம் கஸ்தூரி மஞ்சளை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது பூசும் பொருள், பெர்பெரினே இல்லை. உண்மையான மரமஞ்சள் கொடியின் தண்டு கட்டைபோல் இருக்கும், வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள், நாக்கில் வைத்தால் கடும் கசப்பு. காட்டில் வெட்டி வெட்டி அருகிவிட்ட கொடி அது. ஆயுளுக்காக ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினால் கொடி மிஞ்சாது.

14 | நாகலூர்_காப்பித்தோட்டம்

அப்போ மலையில் மிஞ்சியது காப்பிதானா? 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இங்கே இருப்பது அது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்க.

15 | அஸ்தம்பட்டி_மருந்தியல்

காப்பியைத்தான் நான் இந்தப் பட்டியலில் மேலே வைப்பேன். 2014இல் சுண்டெலிக்குக் காப்பி கொடுத்தபோது ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் கல்லீரல், தசை, இதயத்தில் தன்னுண்ணல் கூடியது. கஃபீன் நீக்கியதும் அதே வேலையைச் செய்தது, ஆக வேலை செய்தது பாலிஃபீனால்கள். மனிதரில் பெரிய கூட்டத்தைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வுகளில் காப்பி குடிப்பவர்களிடம் இறப்பு விகிதம் குறைவு. அது தொடர்பு, காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை.

காப்பிக்கொட்டையில் டிரைகோனெலின் என்றொரு பொருள். அது உயிரணுவின் ஆற்றலுக்கு வேண்டிய என்.ஏ.டி ஆக மாறி வயதான சுண்டெலியின் தசைக்கு வலுக் கொடுத்தது என்று 2024இல் வந்தது. வெந்தயத்திலும் அது உண்டு. கறுக்க வறுத்தால் பெரும்பகுதி சிதைந்துவிடும், அதில் ஒரு பங்கு நியாசினாகும், காப்பியின் முக்கியப் பாலிஃபீனாலான குளோரோஜெனிக் அமிலமும் அழியும். எண்ணெய் மினுங்கும்வரை வறுக்காமல், முதல் வெடிப்பு முடிந்து கொட்டை பழுப்பாகும்போது இறக்கச் சொல்லுங்கள். சிக்கரி நாற்பது சதவீதம் கலந்த தூளில் காப்பி அறுபதுதான், அதையும் கணக்கில் வையுங்கள். கெட்ட கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் பித்தளை ஃபில்டரின் மேல் தட்டில் வட்டமாக வெட்டிய ஃபில்டர் காகிதத்தைப் போட்டு இறக்கினால் கொழுப்பை ஏற்றும் கஃபெஸ்டால் காகிதத்தில் நின்றுவிடும். டிகாக்‌ஷன் இறங்கக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். இரண்டு தேக்கரண்டி சீனி போட்டு ஐந்து வேளை குடித்தால் 200 கலோரி உள்ளே போகும்.

16 | ஓமலூர்_உணவியல்

அந்த 200 கலோரியைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். மனிதரில் உண்மையாகவே உணவைக் குறைத்துப் பார்த்த சோதனையின் பெயர் ‘காலரி’ (CALERIE). பருமன் இல்லாத 218 பேர், 21 முதல் 50 வயது, இரண்டு வருடம். 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், முடிந்தது 12 சதவீதம். அந்தப் பன்னிரண்டிலேயே ரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் எல்லாம் நல்ல பக்கம் நகர்ந்தன. முதுமை ஓடும் வேகத்தை அளக்கும் ஒரு மரபணு அளவீட்டில் 2 முதல் 3 சதவீதம் மெதுவானதாக 2023இல் வந்தது. இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைந்ததும் உண்மை.

2000 கலோரியில் 12 சதவீதம் என்பது 240. வேகவைக்காத அரிசி என்றால் 70 கிராம், அல்லது எண்ணெய் என்றால் 27 கிராம். ராத்திரித் தட்டில் ஒரு கரண்டிச் சோறும் தாளிப்பில் ஒரு கரண்டி எண்ணெயும் குறைந்தால் கணக்கு முடிந்தது. புரதத்தைக் குறைக்காதீர்கள். 65 தாண்டியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும், அவர்கள் 12 சதவீதக் குறைப்பையே தொட வேண்டாம், தசை போனால் திரும்பாது. சர்க்கரை நோயே இல்லாமல் ஆயுளுக்காக மெட்ஃபார்மின் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: எடை தூக்கும் பயிற்சி செய்த முதியவர்களில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகத்தான் இருந்தது. பி12ஐயும் குறைக்கும்.

17 | கொண்டலாம்பட்டி_குமரன்

ஸ்பெர்மிடின் என்று கோதுமை முளைக்கருவைச் சொல்கிறார்களே மேடம்?

18 | ஓமலூர்_உணவியல்

ஸ்பெர்மிடின் தன்னுண்ணலைத் தூண்டும் பொருள். முளைக்கரு 100 கிராமில் அது சுமார் 24 மி.கி., ஒரு மேசைக்கரண்டியில் ஒன்றரை மி.கி.க்கு மேல். சோயா, காளான், பச்சைப் பட்டாணியிலும் உண்டு. இத்தாலியின் புருனிக்கோவில் 829 பேரை இருபது வருடம் தொடர்ந்ததில் அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவு. ஆனால் நினைவாற்றலுக்காக 100 பேருக்குத் தினம் 0.9 மி.கி. ஒரு வருடம் கொடுத்ததில் வித்தியாசம் இல்லை. இந்தப் பட்டியலில் உணவளவும் சோதனை அளவும் ஒத்துப்போகிற அரிய பொருள் இது, வாங்கலாம். முளைக்கருவில் எண்ணெய் அதிகம், வெளியில் வைத்தால் சில வாரத்தில் பழைய பெயின்ட் வாடை அடித்துக் கசக்கும். சிறிய பாக்கெட் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆறிய கஞ்சியில் தூவுங்கள்.

19 | வாழப்பாடி_பட்டு

மல்பெரி பொடி தனக்கு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கா மேடம்? கேட்பவர்களுக்குச் சொல்லணும்.

20 | ஓமலூர்_உணவியல்

இருக்குங்க அண்ணா, மாத்திரை எடுக்காதவர்கள் செய்யலாம். முந்தின ராத்திரி ஒரே மாதிரிச் சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு அளவு. பிறகு தராசில் நிறுத்த 150 கிராம் சோறு, பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். முதல் கவளத்திலிருந்து 30, 60, 90, 120 நிமிடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு நாள் பொடியில்லாமல், ஒரு நாள் பொடியோடு, இப்படி மும்மூன்று தடவை. குளுக்கோமீட்டரே 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம், அதனால் ஒரே தடவையில் 160க்கு 148 வந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள். மூன்று தடவையின் சராசரியில் 30, 60 நிமிட அளவுகள் இரண்டும் தெளிவாக இறங்கினால்தான் பொடி வேலை செய்கிறது.

குத்துவதற்கு முன் கையைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலை ஸ்பிரிட் பஞ்சால் மட்டும் துடைத்துவிட்டுக் குத்தினால் தோலில் ஒட்டிய பழச்சாறே அளவை ஏற்றிக் காட்டும்.